நிப்பின் முதுகில் மை

அந்தச் சந்துக்குள் நுழைந்து 'டக்கம்மா வீடு எது?' என்று கேட்டால் மூக்கு ஒழுகும் குழந்தைகூடக் கை காட்டிவிடும். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே முழிப்பார்கள். அவளுடைய புருஷனுக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து 'ஏய்' என்பதற்கு மேல் அவன் அவளுக்காக ஒரு சொல் செலவழித்ததில்லை. டக்கம்மா என்ற பெயர் ஒரு பேனா மூடியிலிருந்து வந்தது. அந்த மூடி கழன்ற கதையைச் சொல்வதென்றால் ஒரு பல், ஒரு நெற்றி, ஒரு அண்டா மை, ஐந்து விரல் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் என்றால் தலை சுற்றும் ஆசாமிகள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

வீடு மாடியில். முன்னறையில் அடுப்பும் படுக்கையும், பின்னறையில் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகடு வெட்ட ஒரு கை பிரஸ், நிப்பில் பிளவு போட ஒரு சின்னச் சக்கரம், பாலிஷ் சக்கரம், நீள மேஜை, அவ்வளவுதான். புருஷனை ஊரில் நிப்புக்காரன் என்பார்கள். எஃகுத் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் மயிரிழைக்கு ஒரு பிளவு போட்டு அவன் எடுத்து வைக்கும் நிப்பைக் குறை சொல்ல முடியாது. கை அவ்வளவு சுத்தம். அதே கைதான் வேலை முடிந்ததும் பெண்டாட்டி மேல் இறங்கும்.

இரண்டு சந்து தள்ளி அவளுடைய அண்ணன், மைக்காரன். இரும்பு உப்பும் சாயமும் காய்ச்சிய தண்ணீரில் கலந்து கருநீல மை போடுவான். "நம்ம மை ஒட்டிச்சுன்னா தோலை உரிச்சாத்தான் போகும்" என்று கடை கடையாகப் பெருமையடிப்பான். அவன் மையும் இவன் பேனாவும் ஒரே அட்டைப் பெட்டியில் போய்க் கடைகளில் உட்காரும். அந்தக் கூட்டு உறுதியாக இருக்கட்டும் என்று அண்ணன்காரன் தங்கையையும் சேர்த்துக் கொடுத்தான். மைப் புட்டிக்காவது இறுக்கமாக மூடி போட்டுக் கொடுத்தான். தங்கைக்கு அதுவும் இல்லை.

ஆனாலும் அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். சின்ன வயதில் ஒருமுறை காய்ச்சல் தலைக்கேறிக் கிடந்தவளை ஆஸ்பத்திரி வரைக்கும் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். கை கழுவக்கூட நிற்கவில்லை. அவள் போட்டிருந்த வெள்ளை கவுனில் அவனுடைய ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தது. அம்மா எவ்வளவு துவைத்தும் போகவில்லை. அந்த கவுன் சிறிதாகிப் போன பிறகும் அவள் அதைத் தூக்கிப் போட விடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவளுடைய வேலை நிப்பைக் கழுவுவது, பேனாவில் மாட்டுவது, மை ஊற்றி எழுதிப் பார்ப்பது, அந்த மையோடேயே மூடிப் பெட்டியில் அடுக்குவது. வந்த புதிதில் பேனாக்கள் சரியாக எழுதவில்லை. சக்கரத்தில் விடும் எண்ணெய் நிப்பில் ஒட்டியிருக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் மை நிற்குமா? கோடு பாதியில் அறுந்துபோகும். கடையிலிருந்து புகார் வந்த அன்று நிப்புக்காரன் அவளை இழுத்து உட்கார வைத்தான்.

"எழுதலையாம். எங்க, உன் கையில எழுதிப் பாப்போம்."

மை ஊற்றாத நிப்பை முழங்கைக்குக் கீழே அழுத்தி மணிக்கட்டு வரை இழுத்தான். சிவப்பாக எழுதியது. அதற்கடுத்து ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவள் கத்தாமல் பல்லைக் கடித்தாள். கத்தினால் இன்னும் இரண்டு கோடு விழும் என்று அவளுக்குத் தெரியும். கீழ்வீட்டு அக்கா, அதாவது வீட்டுக்காரி, மாடியில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோவைக் கூட்டி வைப்பவள். நல்ல பொம்பளைதான், பயந்தவள்.

மறுவாரம் அண்ணன் வந்தபோது அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அனுசரிச்சுப் போ பாப்பா. தொழில் நடக்கணும்ல."

சரி என்று அனுசரித்தாள். எண்ணெய் ஒரு பொட்டு இருந்தாலும் தோல் கிழியும் என்று சோப்புத்தூளை அள்ளிப் போட்டாள். பேசினில் நுரை பொங்கப் பொங்க நிப்பை ஊற வைத்துத் தேய்த்தாள். எண்ணெய் போன இடம் தெரியவில்லை. பேனாக்கள் வழுக்கிக்கொண்டு எழுதின. ஆனால் அவ்வளவு சோப்பை அலச நாலைந்து வாளித் தண்ணீர் வேண்டும். தண்ணீர்க் குழாயோ கீழே. மாடிப்படியெல்லாம் தண்ணீர் சிந்துகிறது என்று கீழ்வீட்டு அக்கா நிப்புக்காரனிடம் முணுமுணுத்தாள். அவன் மேலே வந்து தோல் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"ஒரு வாளி. அதுக்கு மேல ஒரு சொட்டு மேல வந்துச்சு, உன்னைப் படியில உருட்டி விட்டுடுவேன்."

ஒரு வாளி என்றால் ஒரு வாளி. அதிலேயே முக்கி எடுத்தாள், துணியில் உலர்த்தினாள். உயிர் பெரிதா, அலசல் பெரிதா?

அதற்கப்புறம்தான் அந்த வியாதி ஆரம்பித்தது. மூடியைக் கழற்றினால் நிப்பின் முதுகெல்லாம் மை. எழுதுகிற முனையில் இருக்க வேண்டியது, பிளவிலிருந்து மேலே ஏறி இரண்டு பக்கமும் பரவிப் பளபளவென்று நின்றது. பிடிப்பவர் விரலெல்லாம் நீலம். துடைத்தால் போகும் என்று நினைக்கிறீர்களா? துணி பட்டதும் பிளவுக்குள் இருக்கிற மையையும் சேர்த்து உறிஞ்சி இழுக்கும். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். கடைக்காரர்கள் துடைத்துத் துடைத்துச் சலித்துப் போய்ப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

மொத்த வியாபாரி நேரில் வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். வெள்ளைச் சட்டைப் பையில் ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு கறை. பெட்டியை மேஜை மேல் தொப்பென்று போட்டார்.

"நிப்பு என்னய்யா மைல குளிச்சிட்டு நிக்குது? இது பேனாக் குத்தமா, மைக் குத்தமா? உங்களுக்குள்ள பேசி முடிங்க. இல்லைன்னா ரெண்டு பேரையும் தலை முழுகிட்டு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

பேசி முடிக்கச் சொன்னார் மனுஷன். இவர்கள் பேசுகிற ஜாதியா?

நிப்புக்காரன் ஆரம்பித்தான். "மச்சான், உன் மை நீர்த்துப் போச்சு. தண்ணியா இருக்கிறதாலதான் நிக்காம ஓடுது."

மைக்காரன் விடுவானா? "என் மை அன்னிக்கு இருந்த மைதான் மாப்ள. நீ போடுற பிளவோட ஓரம் ரம்பமா இருக்கு. அதுல தொத்திக்கிட்டு ஏறுது. அதைப் பாரு மொதல்ல."

"கடைக்குக் கொண்டு போறப்ப நீ மூட்டையைத் தூக்கிப் போட்டுக் குலுக்கினா மை வெளிய வராதா?"

"வெயில்ல வச்சா பேனாக்குள்ள காத்து சூடாகித் தள்ளாதா? உன் மாடி தகரம்தானே?"

இத்தனையும் உண்மைதான், அதுதான் வேடிக்கை. நீர்த்த மையும் பரவும், ஓரம் பிசிறடித்த பிளவும் இழுக்கும், குலுக்கினாலும் சூடு பட்டாலும் மூடியை வெடுக்கென்று பிடுங்கினாலும் மை வெளியே வரும். ஆளுக்கொரு பாதி உண்மையை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். முழுப் பொய்யாக இருந்திருந்தால் சீக்கிரம் களைத்துப் போயிருப்பார்கள்.

அன்றைக்கே மச்சான் 'அவன்' ஆனான். அடுத்த முறை பெட்டிகள் திரும்பி வந்தபோது 'அந்தப் பய' ஆனான். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மைக்காரன் ஒரு கூடை மைப் புட்டியோடு மாடியேறி வந்தான். நிப்புக்காரன் ஒரு புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அதை மைக்காரன் தலைக்குப் பக்கத்துச் சுவரில் ஓங்கி அடித்தான். கண்ணாடிச் சில் தெறித்து நெற்றி பிளந்தது. ரத்தமும் மையும் கலந்து கண்ணுக்குள் வழிய, மைக்காரன் மேஜையில் கிடந்த குறட்டைத் தடவி எடுத்து எதிரே தெரிந்த முகத்தில் ஒன்று வைத்தான். நிப்புக்காரனின் முன்பல் பேசினுக்குள் போய் விழுந்தது. நிப்புகளுக்கு நடுவே அந்தப் பல்லைத் தேடி எடுத்தவள் அவள்தான். அண்ணன் நெற்றிக்குத் துணி கட்டினாள். புருஷன் வாய்க்கு உப்புத் தண்ணீர் கொடுத்தாள். ராத்திரி சாப்பாடு கொதித்தது என்று அவன் தட்டை அவள் மேலேயே எறிந்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் கீழ்க்குழாயில் தண்ணீர் வரவில்லை. ஊற வைத்த நிப்புகளைச் சல்லடையில் அள்ளிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அங்கே ஆளே இல்லை. தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெகுநாளாக அவளுக்கு அப்படி ஒரு தண்ணீர் கிடைத்ததில்லை. சல்லடையைக் குழாய்க்குக் கீழே பிடித்தபடி கை குளிரக் குளிர நின்றாள். நுரை போய், வழவழப்பும் போய், நிப்பு விரலில் கிறீச்சிட்டது.

அந்த நிப்பு மாட்டிய பேனாக்களில் முதுகு சுத்தமாக இருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் இல்லாத நேரம் பார்த்து இரண்டு நிப்பை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மாடியில் ஒரு வாளியில் அலசியது, இன்னொன்று தெருக்குழாயில் அலசியது. தீக்குச்சி முனையால் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மை வைத்தாள். தெருக்குழாய் நிப்பில் சொட்டு உருண்டு திரண்டு நின்றது. வீட்டு நிப்பில் வைத்த மாத்திரத்தில் சப்பையாகப் படுத்து ஓரம் வரை ஓடியது. நின்றுகொண்டிருந்த சொட்டின் ஓரத்தைச் சோப்புக் கையால் லேசாகத் தொட்டாள். அதுவும் பொத்தென்று படுத்துவிட்டது.

மைக்கு ஒரு குணம் உண்டு. ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால்தான் அது நகரும். பிளவின் இரண்டு சுவரையும் பிடித்துக்கொண்டுதான் பேனாக் குழலிலிருந்து முனைக்கு வருகிறது. ஒட்டாத மை எழுதாது. வழக்கமாகப் பிளவின் விளிம்பில் வந்ததும் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். சோப்பு அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். அப்புறம் விளிம்பாவது ஒன்றாவது, போகிற வரைக்கும் போகும். இதை அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. மேஜைக்கு முன்னால் நின்றபோது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மையில் குற்றமில்லை. பிளவிலும் குற்றமில்லை. அவள் விட்டுவைத்த சோப்பு.

சொன்னால் என்ன ஆகும்? உலர்ந்த நிப்பால் எழுதிப் பார்த்தவன் இந்த முறை எதால் எழுதுவான்? அவள் மேஜையைத் துடைத்தாள். அன்றிலிருந்து துணி துவைக்கப் போகிற சாக்கில் நிப்புகளை மடியில் கட்டிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். புதுப் பேனாக்கள் சரியாகிவிட்டன. ஆனால் ஏற்கனவே ஊரெல்லாம் போன பெட்டிகளை என்ன செய்வது? அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தன. வாயைத் திறந்தால் தனக்கு அடி, மூடிக்கொண்டிருந்தால் அண்ணனுக்கு அடி. இன்னும் கொஞ்ச நாள், பழைய சரக்கு தீர்ந்துவிட்டால் சண்டையும் தீர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளை யார் குறை சொல்ல முடியும்? அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

சண்டை தீரவில்லை. கடைசியாக வந்த பெட்டிகளைப் பார்த்ததும் நிப்புக்காரன் நேரே மைக்காரன் கொட்டகைக்குப் போனான். கொதித்து ஆறிக்கொண்டிருந்த அண்டாவைக் காலால் எட்டி உதைத்தான். வாரக்கணக்கில் காய்ச்சியது சந்து முழுக்க ஓடியது. சாக்கடை நீலம், நாய்க்கால் நீலம். எதிர்வீட்டு வாசலில் நீலக் குளம். மைக்காரன் கொஞ்ச நேரம் அந்த ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு நடந்தான்.

நிப்புக்காரன் அதற்குள் வீடு திரும்பி, கதவைத் தாழிட்டுவிட்டுப் பிரஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் பேனாக்களுக்கு மை ஊற்றி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு உடைகிற சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தான். முதல் அடி பிளவுச் சக்கரத்தில் விழுந்தது, சில்லாகத் தெறித்தது. இரண்டாவது அடி பாலிஷ் சக்கரத்தின் மேல். மூன்றாவது அடிக்கு நிப்புக்காரன் குனிந்து இடுப்பைப் பிடித்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். தலை சுவரில் மோதியது, முழங்கால் வயிற்றில் ஏறியது, காதைக் கடித்தான் ஒருவன், முடியைப் பிடுங்கினான் இன்னொருவன். அவள் நடுவில் போய் விழுந்தாள். யாருடைய முழங்கையோ அவள் மூக்கில் பட்டு ரத்தம் கொட்டியது. இருவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நிப்புக்காரனுக்குப் பலம் ஜாஸ்தி. மைக்காரனின் வலது கையை முறுக்கி இழுத்து கை பிரஸ்ஸின் வெட்டு அச்சுக்குக் கீழே வைத்து, முழங்காலால் தோளை அழுத்திக்கொண்டான். எஃகையே வெட்டுகிற அச்சு. எலும்பு எம்மாத்திரம்? இன்னொரு கை மேலே நெம்புகோலைப் பிடித்தது.

"இந்தக் கையாலதானேடா மை கலக்குற? இனிமே காலால கலக்கு."

மைக்காரனின் கண் வெளியே பிதுங்கியது. "வேணாம்டா... டேய், வேணாம்..." என்று சின்னப் பிள்ளையாக அழுதான். அச்சுக்குக் கீழே ஐந்து விரலும் விரிந்து கிடந்தன, நகக்கண்ணில் நீலத்தோடு. அந்த வெள்ளை கவுன் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"விடுங்க! மைல ஒண்ணும் இல்லை! நான்தான்! நான்தான் காரணம்!"

நெம்புகோல் பாதியில் நின்றது.

அவள் மூக்கு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். சோப்பு, ஒரு வாளித் தண்ணீர், தெருக்குழாய், தீக்குச்சிச் சொட்டு, எதையும் விடவில்லை. "சோப்பு போகலை. அதான் மை பரவுது. நிப்புலயும் குத்தமில்லை, மைலயும் குத்தமில்லை. அண்ணனை விட்டுடுங்க."

நிப்புக்காரன் மெதுவாக முழங்காலை எடுத்தான். மைக்காரன் கையை உருவிக்கொண்டான். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தான். எல்லாம் மடங்கியது. எழுந்து அவளிடம் வந்தான். கட்டிப் பிடித்து அழப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அழட்டும் என்று கையைக்கூடக் கொஞ்சம் விரித்தாள், பாவி மகள்.

அந்தக் கையாலேயே அறைந்தான். அச்சுக்குக் கீழிருந்து அவள் மீட்டுக் கொடுத்த அதே கை. அவள் காது ஙொய் என்றது.

"உன்னாலதானாடி? என் அண்டா போனது உன்னாலதானா? என் நெத்தி கிழிஞ்சது உன்னாலதானா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த இத்தனை நாளா?"

நிப்புக்காரன் பல் போன சந்தில் காற்றை ஊதிக்கொண்டு சிரித்தான். ஒரு பெரிய பாரம் இறங்கின சிரிப்பு.

"இன்னொண்ணு போடு மச்சான். எனக்கும் சேத்துப் போடு."

மச்சான்! எத்தனை மாதமாக அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்கவில்லை! பல்லையும் நெற்றியையும் ஒரு நொடியில் மன்னித்துவிட்டார்கள். சமாதானத்துக்கு நடுவில் வைத்துக் குத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மைக்காரனும் திரும்பிப் பார்த்து, "நீ உக்காரு மாப்ள, அடிபட்டிருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றான். என்ன அக்கறை! கையை மறுபடியும் ஓங்கினான்.

அவளுடைய முதுகு மேஜையில் இடித்தது. பின்னால் கை விட்டாள். எழுதிப் பார்க்க வைத்திருந்த பேனா ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கட்டை விரலால் மூடியை நெம்பினாள்.

டக்.

இறங்கி வந்த கையில் குத்தினாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் நிப்பு முழுசாக ஏறியது. அவன் வீறிட்டுக்கொண்டு கையை உதறினான். பேனா போகவில்லை, கையோடு தொங்கியது. அதைப் பிடுங்கியபோது ரத்தம் முதலில் நீலமாக வந்தது, அப்புறம் சிவப்பாக வந்தது.

நிப்புக்காரன் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தான். தோல் பட்டைக்குக் கை நீண்டது. அவள் இரண்டாவது பேனாவை எடுத்தாள்.

டக்.

"வாங்க. உங்க கையிலயும் எழுதிப் பாக்கறேன். இது நல்லா எழுதும், நானே கழுவினது."

அவன் நின்றான். அவள் பேனாவை நீட்டிப் பிடித்தபடியே பேசினாள்.

"சோப்பை ஏன் கூட்டினேன்? நீங்க கையைக் கிழிச்சீங்க, அதனால கூட்டினேன். தண்ணியை ஏன் குறைச்சேன்? படியில உருட்டுவேன்னு சொன்னீங்க, அதனால குறைச்சேன். ஏன் சொல்லலை? சொன்னா கொல்லுவீங்க, அதனால சொல்லலை. அந்த மை எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா? உங்க கையிலருந்து வந்துச்சு." அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாள். "என் கையைக் காட்டினேனே. பாத்தியே. பாத்துட்டுத் தானே போன?"

மைக்காரன் தரையில் உட்கார்ந்து புறங்கையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். உதடெல்லாம் நீலம்.

கீழே ரேடியோ நின்றது. முதல்முறையாக மாடிப்படியில் கீழ்வீட்டு அக்கா ஏறி வருகிற காலடி கேட்டது. உடைந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தவள், அவளையும் அவள் கையில் இருந்த பேனாவையும் பார்த்தாள், இரண்டு ஆம்பளைகளையும் பார்த்தாள். "தண்ணி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கம்மா" என்றாள்.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. எங்கே போவாள், அண்ணன் வீட்டுக்கா? அங்கேயே இருந்தாள், ஆனால் பழைய ஆளாக இல்லை. மறுநாளிலிருந்து நிப்புக்காரன்தான் தண்ணீர் சுமந்தான். வாளி வாளியாக, படியில் சிந்தாமல், குழாய்க்கும் மாடிக்கும் நடந்தான். நிப்பு விரலில் கிறீச்சிடும் வரை அவள் அலசினாள், போதும் என்று அவள் சொல்லும் வரை அவன் சுமந்தான். பிள்ளைகள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். மொத்த வியாபாரி புது வெள்ளைச் சட்டையோடு வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். கூட்டுத் தொழில் உடையவில்லை. ஆனால் மைக்காரன் புட்டிகளைக் கீழேயே இறக்கி வைத்துவிட்டுப் போவான், மாடியேறவில்லை.

அதற்கப்புறம் நிப்புக்காரன் ஒரே ஒரு முறை கையை ஓங்கினான். குழம்பில் உப்பு கூடிப் போன விஷயம். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. கொண்டையில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். டக் என்றது. கை இறங்கிப் போய்த் தட்டில் சோற்றைப் பிசைந்தது. மாடிப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்த கீழ்வீட்டு அக்காதான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சந்து முழுக்கச் சொன்னாள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. யாராவது புருஷன் கத்தினால் அந்தச் சந்துப் பெண்கள், "டக்கம்மாகிட்ட ஒரு பேனா வாங்கி வச்சுக்கவா?" என்று கேட்பார்கள். சிலர் நிஜமாகவே வந்து வாங்கினார்கள்.

வருஷங்கள் போன பிறகு ஒரு மத்தியானம் மைக்காரன் மாடியேறி வந்தான். தலை நரைத்திருந்தது, நெற்றித் தழும்பு சுருக்கத்துக்குள் போயிருந்தது. பட்டறை வாசலிலேயே நின்றான். அவள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"வாண்ணா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அவன் வலது கையை நீட்டினான். கட்டை விரலுக்குப் பக்கத்துச் சதையில் மிளகு அளவுக்கு ஒரு கருநீலப் புள்ளி.

"டாக்டரை எல்லாம் பாத்துட்டேன் பாப்பா. போகவே மாட்டேங்குது. தோலுக்கு அடியில போயிடுச்சாம். சோறு திங்கறப்பல்லாம் கண்ணுல படுது." மறு கையால் அந்தப் புள்ளியைத் தேய்த்தான். "உன்னைத்தான் நினைச்சுக்கறேன். அடிச்சிருக்கக் கூடாது."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தொடவில்லை.

"விரல் அஞ்சும் இருக்கா?"

"இருக்கு."

"நல்லா மடங்குதா?"

அவன் மடக்கிக் காட்டினான். "மடங்குது."

"அது நான் குடுத்தது. புள்ளியும் நான் குடுத்ததுதான். ரெண்டையும் வச்சுக்கோ."

பேனாவை மூடிவிட்டு அடுத்த பேனாவை எடுத்தாள். அண்ணன் படியிறங்கிப் போகிற சத்தம் முழுசாக அடங்கும் வரை அவள் எழுதிப் பார்க்கவில்லை. பிறகு மூடியைக் கழற்றி நிப்பைத் திருப்பிப் பார்த்தாள். முதுகு சுத்தமாக இருந்தது. கண்ணிலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுந்தது. அது பரவாமல் திரண்டு நின்றது. அவள் முந்தானையால் முதலில் நிப்பைத் துடைத்தாள், அப்புறம்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.